9,000 கிலோமீட்டரில் இரண்டாவது கிளட்சும் போவது ஏன்?

கேள்வி: அண்ணா, சொந்த ஊர் தருமபுரி. பெங்களூரு பி.டி.எம். லேஅவுட்டில் தங்கி, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறேன். என்னுடையது 200 சிசி பைக். 16,000 கி.மீ. ஓடியபோது கிளட்ச் பிளேட் போய்விட்டது. வெளியே ஒரு கடையில் புதுப் பிளேட் போட்டேன். அது 9,000 கி.மீ. ஓடுவதற்குள் மறுபடி ஸ்லிப் ஆகிறது. ஆக்சிலேட்டரைத் திருகினால் சத்தம்தான் ஏறுகிறது, வண்டி இழுக்கவில்லை. சர்வீஸ் சென்டரில் காட்டினால், "முரட்டுத்தனமாக ஓட்டுகிறீர்கள், வாரண்டி கிடையாது" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். சிக்னலில் கொஞ்சம் வேகமாக எடுப்பேன், உண்மைதான். நண்பர்களோடு சேர்ந்து வீலிங்கும் செய்து பார்த்திருக்கிறேன். ஆனால் என்னைவிட வேகமாகப் போகும் நண்பனின் வண்டியில் 30,000 தாண்டியும் கம்பெனி பிளேட்டே ஓடுகிறது. ஹெவி ஸ்பிரிங் போட்டால் சரியாகுமா? வருகிற ஞாயிறு நந்தி மலைக்குப் போகிறோம். இதே வண்டியில் போகலாமா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். போகாதீர்கள். ஸ்லிப் ஆகிற கிளட்ச் ஊருக்குள் எரிச்சல் தரும், ஹைவேயில் ஆபத்து தரும். தேவனஹள்ளி ரோட்டில் ஒரு லாரியை ஓவர்டேக் செய்யப் பக்கத்தில் போய்விட்டு, ஆக்சிலேட்டரை முறுக்கும் நேரத்தில் சத்தம் மட்டும் வந்து வேகம் வராவிட்டால் நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் மலை ஏற்றம் வேறு. கொஞ்சநஞ்சம் உயிர் இருக்கிற பிளேட்டும் அந்த வளைவுகளில் கருகிவிடும். நண்பர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போய் வாருங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். சர்வீஸ் சென்டரில் சொன்னதில் பாதி சரி. ஆனால் "முரட்டுத்தனம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அதில் எதை விடுவது, எதைத் தொடர்வது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. உங்கள் நண்பர் உங்களைவிட வேகமாகப் போயும் அவர் கிளட்ச் நன்றாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விடை அதற்குள்ளேயேதான் இருக்கிறது.

உங்கள் வண்டியில் இருப்பது எண்ணெயில் மூழ்கிய பல பிளேட் கிளட்ச். உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட் ஒன்று, வெறும் ஸ்டீல் பிளேட் ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். உராய்வு பிளேட்டின் வெளிப் பற்கள் கிளட்ச் பாஸ்கெட்டின் காடிகளில் உட்காரும். பாஸ்கெட் என்ஜினோடு சுற்றும். ஸ்டீல் பிளேட்டின் உள்பற்கள் நடுவில் இருக்கும் ஹப்பில் உட்காரும். ஹப் கியர்பாக்ஸோடு சுற்றும். பிரஷர் பிளேட்டும் ஸ்பிரிங்குகளும் இந்த அடுக்கு முழுவதையும் இறுக்கிப் பிடித்திருக்கும். லிவரை முழுதாகப் பிடித்தால் அடுக்கு விடுபடும், முழுதாக விட்டால் ஒரே துண்டுபோல ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டு நிலையிலும் தேய்மானம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. லிவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்போதுதான் பிளேட் தேய்கிறது. உள்ளங்கைகள் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சூடு வராது, அழுத்திக்கொண்டே தேய்த்தால்தான் வரும். அரை கிளட்சில் நடப்பது அதுதான்.

ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரி வரைக்கும் டாப் கியரில் எவ்வளவு வேகமாகப் போனாலும், லிவரிலிருந்து கை எடுத்துவிட்டால் கிளட்ச் பிளேட்டுக்கு அதில் வேலையே இல்லை. அதே வண்டி காலை ஒன்பது மணிக்கு சில்க் போர்டிலிருந்து பொம்மனஹள்ளி வருவதற்குள் படும் பாடு அந்த ஹைவே ஓட்டத்தைவிடப் பல மடங்கு. மேலே மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகும் கீழே ஓசூர் ரோடு எப்படி இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேகமாகப் போகிற உங்கள் நண்பர் பெரும்பாலும் திறந்த ரோட்டில் போகிறவராக இருப்பார், அல்லது லிவரைச் சட்டென்று விட்டுவிடும் பழக்கம் உள்ளவராக இருப்பார்.

சிக்னலில் "கொஞ்சம் வேகமாக" எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கொஞ்சத்தின் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். சமதளத்தில் நின்ற வண்டியை, என்ஜின் சுற்றை ஒரே அளவில் வைத்துக்கொண்டு, கிளட்சை மெல்ல விட்டு எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வண்டி அந்தச் சுற்றுக்கு ஈடான வேகத்தைப் பிடிக்கும்வரை பிளேட்டுகள் வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் பிளேட்டில் இறங்கும் சூடு, வண்டிக்குக் கிடைத்த இயக்க ஆற்றலுக்குச் சமம். 200 சிசி வண்டி முதல் கியரில், என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது, சுமார் 15 கி.மீ. வேகத்தில் போகும். வண்டியும் நீங்களும் சேர்ந்து 220 கிலோ என்றால் ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் ஏறக்குறைய 2,000 ஜூல் சூடு. அதையே 6,000 சுற்றில் வைத்து எடுத்தால் வேகம் இரட்டிப்பு, சூடு நான்கு மடங்கு, அதாவது 8,000 ஜூல். 9,000 வரை ரேஸ் செய்து வழுக்கவிட்டு எடுத்தால் ஒன்பது மடங்கு. சுற்று கூடக்கூட, சூடு அதன் வர்க்கத்தில் ஏறுகிறது. பின்னால் 70 கிலோ நண்பர் உட்கார்ந்திருந்தால் இவை எல்லாவற்றோடும் இன்னும் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு தடவை 8,000 ஜூல் இறங்கினால் பிளேட் ஒன்றும் ஆகிவிடாது, எண்ணெய் அதைக் குளிர்வித்துவிடும். சில்க் போர்டு, பொம்மனஹள்ளி, கூட்லு கேட் என்று ஒவ்வொரு சிக்னலிலும், முந்தைய சூடு ஆறுவதற்குள் அடுத்த சூட்டை ஏற்றுவதுதான் பிளேட்டைக் கொல்கிறது.

முரட்டுத்தனம் என்று யாருமே கணக்கில் சேர்க்காத ஒரு பழக்கம் இதைவிட மோசம். ஃப்ளைஓவர் ஏற்றத்தில் வண்டிகள் நின்றுவிட்டால், பிரேக் போடாமல் அரை கிளட்சும் கொஞ்சம் ஆக்சிலேட்டருமாக வண்டியை அந்தரத்தில் நிறுத்தி வைப்பார்கள். பார்ப்பதற்குச் சாமர்த்தியமாக இருக்கும். 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறும் சரிவில், 2,000 சுற்றில் என்ஜினை வைத்து இப்படி அரை நிமிடம் நின்றால், பிளேட்டில் இறங்கும் சூடு 10,000 ஜூலைத் தாண்டும். அதாவது 6,000 சுற்றில் சீறிக்கொண்டு கிளம்புவதைவிட அதிகம், அதுவும் வண்டி ஒரு அடிகூட நகராமலே. பொறுமையாக ஓட்டுகிறேன் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களின் கிளட்ச் சீக்கிரம் போவதற்கு நான் பார்த்தவரை முக்கியக் காரணம் இதுதான். ஏற்றத்தில் நின்றால் பின் பிரேக்கை மிதித்து நில்லுங்கள். நகரும்போது பிரேக்கை விட்டுக்கொண்டே கிளட்சை விடுங்கள். இரண்டு நாளில் கால் பழகிவிடும்.

ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் முன் வண்டியின் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டே போகாதீர்கள். நாலைந்து அடி இடம் விழட்டும். இடம் விழுந்ததும் முதல் கியரில் லிவரை முழுசாக விட்டுவிடுங்கள். ஐடிலிலேயே வண்டி மணிக்கு ஏழெட்டு கி.மீ. வேகத்தில் தானாக நகரும். நிற்க வேண்டிவந்தால் முழுசாகப் பிடியுங்கள். நடுவில் தொங்கவிட மட்டும் வேண்டாம். சிக்னல் நீளமாக இருந்தால் நியூட்ரல் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஓடும்போது இரண்டு விரலை லிவர் மேலேயே வைத்திருக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட வேண்டும். அந்த விரல் பாரமே ஸ்பிரிங்கின் பிடியைக் கொஞ்சம் தளர்த்திவிடும்.

வீலிங் பற்றியும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், நல்லது. சுற்றை ஏற்றி லிவரைப் பட்டென்று விட்டுச் சக்கரத்தைத் தூக்கும்போது, சூட்டைவிட அடிதான் பெரிய சேதம் செய்கிறது. பிளேட்டின் பற்கள், பாஸ்கெட்டின் காடிகளுக்கு இடையே இருக்கும் அலுமினிய விரல்களில் சுத்தியலால் அடித்ததுபோல மோதும். அந்த விரல்களில் பள்ளம் விழும். அதே அடி கியர், செயின், பின்சக்கர ஹப்பில் இருக்கும் ரப்பர் என்று வரிசையாகப் போய்ச் சேரும். பொது ரோட்டில் இதைச் செய்து ரோட்டோரம் நின்ற யாரோ ஒருவர் காலை இழந்தால் எந்த மெக்கானிக்காலும் அதைச் சரிசெய்ய முடியாது. அதனால் இதை இன்றோடு விட்டுவிடுங்கள் என்று உரிமையோடு சொல்கிறேன்.

முதல் பிளேட் 16,000-ல் போனதற்கு உங்கள் ஓட்டம்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். நிதானமாக ஓட்டினால் இந்த ரக வண்டிகளில் 30,000, 40,000 தாண்டுவது சாதாரணம். ஆனால் இரண்டாவது செட் அந்த 16,000-ல் பாதி தூரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடியதோடு போகிறது என்றால், பழியை முழுவதும் உங்கள் மேல் போட நான் தயாராக இல்லை. நீங்கள் திடீரென்று இரண்டு மடங்கு முரடராக மாறியிருக்க மாட்டீர்கள். முதல் தடவை பிரித்தபோது செய்ய வேண்டிய ஏதோ ஒரு வேலை விட்டுப்போயிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

பிரிப்பதற்கு முன்னால் செலவில்லாத ஒரு சோதனை செய்யுங்கள். லிவரின் நுனியை ஒரு விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். கேபிள் இறுகுவதற்கு முன் 10 முதல் 15 மி.மீ. வரை சும்மா ஆட வேண்டும். சில மாடல்களில் 20 வரை இருக்கலாம், உங்கள் மேனுவலில் போட்டிருக்கும். இதுதான் ஃப்ரீ பிளே. அப்புறம் ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி அதே மாதிரி ஆட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது ஆட்டம் காணாமல் போனால் கேபிள் தப்பான வழியில் போகிறது, அல்லது எங்கோ மாட்டி இழுபடுகிறது என்று அர்த்தம்.

பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். கேபிள் இழுபட்டு நீண்டால் ஃப்ரீ பிளே கூடும். பிளேட் தேய்ந்தால் அடுக்கு மெலிந்து, பெரும்பாலான பைக்குகளில் ஃப்ரீ பிளே குறையும். கொஞ்ச நாளில் ஆட்டமே இல்லாமல் போனால், கையே வைக்காதபோதும் கேபிள் பிரஷர் பிளேட்டை லேசாகத் தூக்கிப் பிடித்திருக்கும். ஸ்பிரிங் முழு பலத்தோடு அழுத்த முடியாது. பிளேட் வழுக்கும், வழுக்கினால் தேயும், தேய்ந்தால் ஆட்டம் இன்னும் குறையும். ஆயிரம் கி.மீ.க்கு ஒருமுறை அட்ஜஸ்டரைத் தொட்டுப் பார்த்திருந்தாலே தப்பித்திருக்கும் எத்தனையோ பிளேட்டுகள் இப்படிக் கருகிப் போகின்றன.

ஃப்ரீ பிளேயைச் சரியாக வைத்த பிறகு, காலியான நேரான ரோட்டில், பின்னால் வண்டி வராதபோது, நான்காவது அல்லது ஐந்தாவது கியரில் 40 கி.மீ. வேகத்திலிருந்து ஆக்சிலேட்டரைச் சட்டென்று திறந்து பாருங்கள். என்ஜின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் முள் துள்ளி ஏறி, ஸ்பீடோமீட்டர் பின்தங்கினால் பிளேட் வழுக்குகிறது. ஸ்லிப் எப்போதும் மேல் கியரில்தான் முதலில் தலைகாட்டும். இரண்டும் சேர்ந்தே ஏறினால் உங்கள் கோளாறு கேபிளோடு முடிந்தது.

அடுத்தது எண்ணெய். இதே எண்ணெய்தான் என்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும். கேன் மேல் ஜாசோ எம்.ஏ. (JASO MA) அல்லது எம்.ஏ.2 (MA2) என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். எண்ணெயில் மூழ்கிய கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான முத்திரை அது. எம்.பி. (MB) என்று போட்டிருந்தால் அது ஸ்கூட்டருக்கானது, உராய்வைக் குறைப்பதற்கென்று செய்தது. அது உங்கள் வண்டிக்கு வேண்டாம். எரிபொருளைச் சேமிக்கும் என்று விற்கிற மெல்லிய கார் எண்ணெய்களும் அப்படித்தான். வழுவழுப்புக்காக அவற்றில் சேர்த்திருக்கும் பொருள் பிளேட்டையும் வழுக்கவைத்துவிடும். விலை உயர்ந்த கார் எண்ணெய் ஊற்றினால் பைக் இன்னும் நன்றாக ஓடும் என்று நினைத்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அன்போடு செய்கிற தப்பு அது. என்ஜின் வழுவழுப்பாக ஓட வைக்கும் என்று தனியாக விற்கிற திரவங்களையும் ஊற்றாதீர்கள்.

அப்படியும் ஸ்லிப் நிற்காவிட்டால் கிளட்சைப் பிரிக்கத்தான் வேண்டும். அந்த நேரத்தில் கடையில் பக்கத்திலேயே நில்லுங்கள். கழற்றிய பிளேட்டுகளை வரிசை மாறாமல் ஒரு செய்தித்தாளில் பரப்பச் சொல்லுங்கள். கிளட்சுக்கு என்ன நேர்ந்தது என்று அந்தப் பிளேட்டுகளே காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டீல் பிளேட்டில் நீலமும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாக நிறம் மாறியிருந்தால் அதிகச் சூடு பட்டிருக்கிறது. உராய்வு பிளேட் தடிமன் குறையாமல், கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தால் மேல்பரப்பு வெந்து இறுகிவிட்டது. காரணம் சூடாக இருக்கலாம், தப்பான எண்ணெயாகவும் இருக்கலாம். கட்டை கட்டையாக இருக்க வேண்டிய உராய்வுப் பொருள் ஒரு பக்கம் மட்டும் மெலிந்திருந்தால், பக்கத்து ஸ்டீல் பிளேட் வளைந்திருக்கிறது. அந்த ஸ்டீல் பிளேட்டைத் தடித்த கண்ணாடி மேல் வைத்து விளிம்பில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும்.

உங்கள் விஷயத்தில் எனக்கு இருக்கிற பெரிய சந்தேகமே இங்கேதான். முதல் தடவை உராய்வு பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு, சூட்டில் வளைந்த பழைய ஸ்டீல் பிளேட்டையும் தளர்ந்துபோன பழைய ஸ்பிரிங்கையும் அப்படியே திருப்பிப் போட்டிருப்பார்கள். செலவைக் குறைக்கிறோம் என்று நல்ல எண்ணத்தில்கூடச் செய்திருக்கலாம். ஆனால் வளைந்த ஸ்டீல் பிளேட்டோடு சேரும் புதுப் பிளேட் முழுப் பரப்பும் ஒட்டாமல், மேடான இடங்களில் மட்டும் உரசி, அங்கேயே எரிந்து தேயும். பழைய பில்லை எடுத்து என்னென்ன போட்டார்கள் என்று பாருங்கள்.

பாஸ்கெட்டின் விரல்களை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டுப்படுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் பிளேட் அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு சீராக நகராது. சின்னப் பள்ளமாக இருந்தால் அரத்தால் ராவி நேராக்கலாம். ஆழமாக இருந்தால் பாஸ்கெட்டையே மாற்ற வேண்டும். செலவுதான், ஆனால் அதைத் தள்ளிப்போட்டுப் புதுப் பிளேட் போடுவது காசைக் கரியாக்குவது. வீலிங் செய்த வண்டி என்பதால் இதைக் கட்டாயம் பார்க்கச் சொல்கிறேன்.

பிளேட், ஸ்டீல், ஸ்பிரிங் மூன்றையும் ஒரே செட்டாக, வண்டிக் கம்பெனியின் ஒரிஜினலாகவே வாங்குங்கள். ஜே.சி. ரோட்டில் எல்லாமே கிடைக்கும், டூப்ளிகேட்டும் சேர்த்து. பில் இல்லாமல் வாங்காதீர்கள். புது உராய்வு பிளேட்டை முதல் நாள் ராத்திரியே என்ஜின் ஆயிலில் ஊறப்போடச் சொல்லுங்கள். காய்ந்த பிளேட்டைப் போட்டு ஸ்டார்ட் செய்தால் எண்ணெய் உள்ளே போவதற்குள் மேல்பரப்பு கருகிவிடும். "அதெல்லாம் தேவையில்லை சார், ஓடினால் ஊறிவிடும்" என்று சொல்கிற கடையாக இருந்தால் வேறு கடை பாருங்கள்.

ஹெவி ஸ்பிரிங் வேண்டாம். ஸ்பிரிங் இறுக்கமானால் பிடி கூடும், அது உண்மை. ரேஸ் டிராக்குக்காக பவரை ஏற்றிய என்ஜினுக்கு அது தேவைப்படும். உங்கள் என்ஜின் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது, அதன் இழுவைக்குக் கம்பெனி ஸ்பிரிங்கே தாராளம். ஹெவி ஸ்பிரிங் போட்டு ஓசூர் ரோட்டில் ஒரு வாரம் ஓட்டினால் இடது மணிக்கட்டு வலிக்கத் தொடங்கும். கை வலித்தால் லிவரை முழுசாகப் பிடிக்க மாட்டீர்கள், மறுபடி அரை கிளட்ச்தான். ஸ்லிப்பர் கிளட்ச் வந்த வண்டிக்கு மாறினாலும் இந்தப் பிரச்சினை போகாது. வேகத்தில் கியரைக் குறைக்கும்போது பின்சக்கரம் துள்ளாமல் காப்பது அதன் வேலை. அசிஸ்ட் வசதி சேர்ந்திருந்தால் லிவர் லேசாக இருக்கும். சிக்னலில் நீங்கள் வழுக்கவிடுகிற சூட்டை அது வாங்கிக்கொள்ளாது.

வாரண்டி விஷயத்தில் சண்டை போட்டுப் பலன் இல்லை. கிளட்ச் பிளேட்டையும் பிரேக் ஷூவையும் தேய்மானப் பொருள் என்று பெரும்பாலான கம்பெனிகள் ஒதுக்கிவைத்துவிடுகின்றன. முதல் தடவை வேலை செய்த கடைக்காரரிடம் வளைந்த ஸ்டீல் பிளேட்டைக் காட்டி, இந்தத் தடவை கூலியையாவது குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அது நியாயமான கேள்வி.

புதுப் பிளேட் போட்ட பிறகு முதல் 500 கி.மீ. வரைக்கும் சிக்னலில் 3,000 சுற்றைத் தாண்டாமல் எடுங்கள். பிளேட் ஸ்டீலோடு உரசிப் படிய அவ்வளவு ஓட்டம் தேவை. படியும்போது அடுக்கு ஒரு மயிரிழை மெலிந்து ஃப்ரீ பிளே குறைந்திருக்கும். அதனால் 500-ல் ஒருமுறை லிவர் நுனியில் ஸ்கேல் வைத்து அளந்து அட்ஜஸ்ட் செய்துவிடுங்கள். என்ஜின் ஆறியிருக்கும்போது, காலையில் கிளம்புவதற்கு முன்னால் செய்யுங்கள்.